பழி ஜல்லி மேல், தப்பு அடிமண்ணில்

புறநகரில் ஒரு கிரவுண்டு வாங்கி, வங்கிக் கடனில் வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்ட ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருந்த காசெல்லாம் டைல்ஸிலும் மாடுலர் கிச்சனிலும் போய்விட்டது. கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே இருபதுக்கு இருபது, அதாவது 400 சதுர அடி, வெறும் மண்ணாகக் கிடக்கிறது. மழை வந்தால் சேறு. கார் உள்ளே வந்தால் டைல்ஸ் வரைக்கும் செம்மண் கோலம்.

மேஸ்திரியைக் கேட்கிறார்கள். அவரிடம் பதில் ரெடியாக இருக்கிறது. "ஒரு லோடு ஜல்லி அடிச்சு விட்டுருங்க சார், போதும்."

லாரி வருகிறது, கொட்டுகிறது, போகிறது. இரண்டு பேர் மண்வெட்டியால் இழுத்துப் பரப்புகிறார்கள். அரை நாளில் வேலை முடிந்தது. ஒரு மாதம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐப்பசி மழை வந்ததும் கதை மாறுகிறது. டயர் போகிற இரண்டு தடத்திலும் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். பாதி ஜல்லி சேற்றுக்குள் காணாமல் போய்விட்டது, மீதிப் பாதி கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்குகிறது. சைடு ஸ்டாண்ட் போட்ட ஸ்கூட்டி ராத்திரியோடு ராத்திரியாகச் சாய்ந்து கிடக்கிறது.

அடுத்த வருஷம் குடும்பமே உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறது: "ஜல்லி வேஸ்ட். காங்கிரீட் போட்டு மூடிடலாம்."

வாதி உண்டு, தீர்ப்பு உண்டு, விசாரணை மட்டும் இல்லை. இந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒரு மேல்முறையீடு போட்டே ஆகவேண்டும். ஏனென்றால் இதனால் நஷ்டப்படுவது ஜல்லி இல்லை. அந்த வீட்டுக் கிணறு, பக்கத்து வீட்டு வாசல், தெருமுனைச் சாக்கடை, எல்லாமே இதில் கட்சிக்காரர்கள்.

ஜல்லி எங்கே போனது?

ஒரு சின்ன கார் ஏறக்குறைய ஆயிரம் கிலோ. நான்கு டயருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 250 கிலோ. டயர் தரையைத் தொடுகிற இடம் எவ்வளவு? ஒரு உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கைக்குக் கீழே நனைந்த மண் இருந்தால் அது வழிவிடும். மேலே இருக்கிற கல் கீழே அழுந்தும், கீழே இருக்கிற சேறு இடுக்கு வழியாக மேலே வரும். நான்கு மழைக்கு அப்புறம் கல்லும் சேறும் பாயசத்தில் முந்திரி மாதிரிக் கலந்துவிடும். கல்லை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை, அது அரை அடி ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது!

இப்போது அதே கல்லை அரை அடி கனத்துக்கு இறுக்கிப் போட்டால் என்ன ஆகும்? மேலே உள்ளங்கை அளவில் இறங்குகிற பாரம், கீழே போகப் போக விரிந்துகொண்டே போகும். சுமாராக 45 டிகிரியில் விரிகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அடிமண்ணைத் தொடும்போது அது ஒன்றேகால் அடிக்கு ஒன்றேகால் அடிக்கும் அதிகமான சதுரமாகிவிடுகிறது. ஒரு சதுர அங்குலத்தின் மேல் விழும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஈர மண்ணே அதைத் தாங்கும்.

ஆக, பாரத்தைச் சுமப்பது கடைசியில் மண்தான். கல்லின் வேலை பாரத்தைப் பிரித்துக் கொடுப்பது. "ஒரு லோடு அடிச்சு விடுங்க" என்று சொன்னவர் கல்லுக்கு அந்த வேலையைச் செய்ய வாய்ப்பே கொடுக்கவில்லை. இரண்டு அங்குலம் தூவிவிட்டு, தாங்கவில்லை என்று திட்டினால் எப்படி?

இருநூறு வருஷத்துப் பாடம்

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லௌடன் மெக்கடம் 1816-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்றபோது, ரோடு என்றால் கீழே பெரிய பெரிய பாறாங்கல் அடுக்க வேண்டும் என்பதுதான் பலரின் நம்பிக்கை. மெக்கடம் அதைத் தலைகீழாக்கினார். அடியில் பாறை தேவையில்லை, மண் காய்ந்து இருந்தால் அதுவே எந்த பாரத்தையும் சுமக்கும் என்றார். ஆகவே தண்ணீரை வெளியேற்று. மேலே கையால் உடைத்த, கூர்முனையுள்ள சின்னக் கற்களைப் பரப்பு. வண்டிச் சக்கரமே அவற்றைப் பூட்டிவிடும். கல் எவ்வளவு சின்னது? ஆறு அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 170 கிராம், அதற்கு மேல் போகக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

இதில் 'உடைத்த' என்ற சொல்தான் முக்கியம். உடைத்த கல்லுக்கு முனை இருக்கும், முகம் இருக்கும். ஒன்றோடு ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆற்றில் உருண்டு வந்த கூழாங்கல்லுக்கு அது இல்லை. கோலிக்குண்டை ஒரு அடி உயரத்துக்குக் கொட்டி அதன் மேல் ஏறி நின்று பாருங்கள், புரியும். நர்சரியில் மூட்டை மூட்டையாக விற்கிற பளபள கூழாங்கல்லை வாங்கிக் கார் போகிற இடத்தில் கொட்டுகிறவர்களுக்கு இது சமர்ப்பணம். அது ரோஜாத் தொட்டிக்கு அழகு, டயருக்கு எதிரி.

மெக்கடத்தின் முறை நம்மூருக்கும் வந்தது. கிராமத்துக் 'கப்பி ரோடு' அதன் வாரிசுதான். ஜல்லியைப் பரப்பி, ரோலர் ஓட்டி, இடுக்கில் கிராவல் மண் தூவி, தண்ணீர் தெளித்து, மறுபடி ரோலர் ஓட்டுவார்கள். அந்த ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியும் போனது, டவுன் பஸ்ஸும் போனது. அப்படிப்பட்ட கல், வீட்டு வாசலில் ஒரு ஹேட்ச்பேக் காரைத் தாங்காதாம்!

ஜல்லியை உட்கார வைப்பது எப்படி?

சும்மா வாதம் செய்தால் போதாது, வேலையையும் சொல்லவேண்டும். மொத்தம் ஐந்தே சங்கதிகள்.

ஒன்று, தோண்டுவது. மேல் மண்ணில் வேர், குப்பை, கட்டட வேலையில் கொட்டிய மணல் எல்லாம் இருக்கும். எட்டு அங்குலம் வெட்டி எடுக்க வேண்டும். தோண்டாமல் மேலேயே கொட்டினால் ஜல்லி மட்டம் போர்டிகோவுக்கு ஏறிவிடும், தண்ணீர் வீட்டுக்குள் வரும். தோண்டிய தரையைத் திமிசு போட்டோ, காம்பாக்டர் மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோ இறுக்க வேண்டும். மண் ரொம்பக் காய்ந்திருந்தாலும் இறுகாது, சேறாக இருந்தாலும் இறுகாது. கலிபோர்னியப் பொறியாளர் ஆர். ஆர். பிராக்டர் 1933-ல் இதைச் சோதனை போட்டுக் காட்டினார். ஒவ்வொரு மண்ணுக்கும் சரியான ஈரம் என்று ஒன்று உண்டு. கொத்தனார்கள் கையாலேயே பார்ப்பார்கள்: ஒரு பிடி மண்ணை அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும்.

இரண்டு, கல்லையும் மண்ணையும் பிரிப்பது. ஜியோடெக்ஸ்டைல் என்று ஒரு துணி வருகிறது. தண்ணீரை விடும், சேற்றை விடாது. பாயசக் கதைக்கு அதுதான் முற்றுப்புள்ளி. மணற்பாங்கான இடத்தில் இது இல்லாமலும் ஓட்டிவிடலாம். களிமண்ணிலும் கரிசலிலும் இதை மிச்சம் பிடிக்கிறவர் அடுத்த வருஷம் இரண்டாவது லோடு வாங்கப்போகிறவர். கரிசல் ரொம்ப மோசம் என்றால் மண்ணோடு சுண்ணாம்பைக் கலந்து இறுக்குவது பழைய, நிரூபணமான வழி. மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதம் வரை சுண்ணாம்பு சேர்ப்பார்கள். வீங்கிச் சுருங்கும் குணம் அதில் கணிசமாக அடங்கும்.

மூன்று, இரண்டு அடுக்காகக் கல். கீழே ஒன்றரை ஜல்லியும் அதற்குச் சின்னதும் கலந்த கலவை, இறுகிய பிறகு ஆறு அங்குலம் வரவேண்டும். ஒரே மூச்சில் கொட்டாமல் மூன்று மூன்று அங்குலமாக, ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு அடுத்தது. அதன் மேல் முக்கால் ஜல்லியோ அதைவிடச் சின்னதோ இரண்டு அங்குலம். மேல் அடுக்கை இதற்கு மேல் கனமாகப் போட்டால் காலும் டயரும் புதையும். இங்கே கஞ்சத்தனம்தான் நல்லது.

நான்கு, ஓரம் கட்டுவது. கரை இல்லாத ஏரி நிற்குமா? இரண்டு பக்கமும் கருங்கல்லோ, நிறுத்தி வைத்துப் புதைத்த செங்கல்லோ இல்லையென்றால் ஜல்லி மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நடந்து போகும். ஜல்லித் தரைகள் முதலில் கெட்டுப்போவது நடுவில் இல்லை, ஓரத்தில். எல்லாரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

ஐந்து, வாட்டம். மழை அதிகம் பெய்கிற இடத்தில் ஜல்லிச் சாலைக்கு நூற்றுக்கு மூன்று என்ற அளவில் வாட்டம் கொடுப்பார்கள். வீட்டுக் கணக்கில் பத்தடிக்கு மூன்றரை அங்குலம். வாட்டம் வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது, தோட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். இதைச் சொல்லவேண்டுமா என்று கேட்காதீர்கள். சொல்லவேண்டிய நிலைமையில்தான் பல வாசல்கள் இருக்கின்றன.

காசு கொஞ்சம் கூட இருந்தால் ஆறாவதாக ஒன்று உண்டு: தேன்கூடு மாதிரி அறை அறையாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. அதை விரித்து அறைகளுக்குள் ஜல்லியை நிரப்பினால் கல் பக்கவாட்டில் நகர வழியே இல்லை. இதே யோசனையை 1970-களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் மணல் வெளியில் கனரக வண்டிகள் போக வழி போடுவதற்காக வளர்த்தெடுத்தார்கள். கடற்கரை மணலில் ராணுவ லாரி போக முடியும் என்றால், நம் ஸ்கூட்டி நிற்க முடியாதா?

எண்பது அடிக்காக முந்நூற்று இருபதைக் கொல்வது

இனி எதிர்க்கட்சியை விசாரிக்கலாம். காங்கிரீட்.

400 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறக்குறைய 370 லிட்டர். சென்னையில் ஒரு வருஷத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டரை ஒட்டி மழை. பெருக்கிப் பார்த்தால் 52,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்றால் நான்கு லாரிக்கும் மேல். வாசலில் மட்டும், இலவசமாக! இதை அப்படியே தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, சித்திரை வந்ததும் லாரிக்கு போன் போடுகிறோம். வாசலுக்குக் காங்கிரீட் போட்ட செலவை எழுதி வைத்திருக்கிற வீட்டில்கூட, அதன் கீழே இந்த லாரிச் செலவை யாரும் எழுதுவதில்லை.

2003-ல் தமிழ்நாடு முழுக்கக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நல்ல காரியம். மொட்டை மாடியிலிருந்து பைப் போட்டுக் குழிக்கு விட்டார்கள். அப்புறம் அதே வீட்டில், வானம் நேராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மண்ணை சிமென்டால் மூடினார்கள். ஒரு கையால் உண்டியலில் காசு போட்டு, இன்னொரு கையால் உண்டியல் வாயை அடைக்கிற மாதிரி.

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2019 கோடையில் பூண்டியும் செங்குன்றமும் சோழவரமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நடுவில் நான்கு வருஷம்கூட முழுசாக இல்லை. தண்ணீர் இல்லாத ஊர் இல்லை இது, தண்ணீர் நிற்க இடம் இல்லாத ஊர்.

"49 சென்டிமீட்டர் மழையை உன் ஜல்லி உறிஞ்சிவிடுமா?" என்று யாராவது கேட்பார்கள். உறிஞ்சாது. ஏற்கெனவே நனைந்து நிறைந்த மண் எதையும் உறிஞ்சாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலில் இறங்குகிற வேகத்தில் களிமண்ணில் இறங்கவும் செய்யாது. ஆனால் வருஷத்தில் பெரும்பாலான மழை நாட்கள் 49 சென்டிமீட்டர் நாட்கள் இல்லை. இரண்டும் மூன்றுமாகப் பெய்கிற நாட்கள்தான் கிணற்றை நிரப்புகின்றன. வெள்ளத்தைத் தடுக்க முடியாது என்பதற்காக ஊற்றையும் அடைப்பது என்ன நியாயம்?

ஜல்லிக் கட்சியும் இங்கே ஒரு உண்மையை ஒளிக்கக்கூடாது. கிரஷர் தூளைப் போட்டு, தண்ணீர் தெளித்து, கல்லு மாதிரி இறுக்கிய ஜல்லித் தரையில் தண்ணீர் அவ்வளவு சுலபமாக இறங்காது. தூள் கல்லைப் பிடிக்கும், அதே தூள் இடுக்கையும் அடைக்கும். உறுதி வேண்டுமென்றால் தூள், ஊறல் வேண்டுமென்றால் தூள் இல்லாத சுத்தமான ஜல்லி. இரண்டும் ஒரே இடத்தில் முழுசாகக் கிடைக்காது.

அப்படியென்றால்? இருபதடி நீள வாசலில் கார் டயர் தொடுகிற இடம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு தடம், ஒவ்வொன்றும் தாராளமாக இரண்டடி அகலம். மொத்தம் 80 சதுர அடி! அந்த 80-ஐ மட்டும் தூள் போட்டு இறுக்குங்கள். காங்கிரீட் பட்டை போட்டே தீருவேன் என்றால் அதையும் அங்கே மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மீதி 320 சதுர அடி சுத்தமான ஜல்லியாகவோ, புல்லாகவோ, ஒரு வேப்பமரத்தின் காலடியாகவோ இருக்கட்டும். 80 அடி சொகுசுக்காக 320 அடியின் மூச்சை நிறுத்துகிறோம் என்பதுதான் மொத்த வழக்கின் சாரம்.

எதிர்வாதங்கள்

*"ஜல்லியில் கோலம் எப்படிப் போடுவது?"* நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் பாதை போட்டுக் கொடுக்கிற இன்ஜினியருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று அர்த்தம். வாசற்படிக்கு முன்னால் ஐந்துக்கு ஐந்து கருங்கல் பலகை பதியுங்கள். மார்கழிக்கும் போதும், நடக்கவும் வசதி.

*"பாம்பு, தேள் வரும்."* இடுக்கும் எலியும் இருக்கிற இடத்துக்குத்தான் அவை வரும். அடுக்கி வைத்த செங்கல், மூலையில் கிடக்கும் பழைய ஓடு, தேங்காய் மட்டைக் குவியல், இவைதான் அவற்றுக்கு லாட்ஜ். இறுக்கிய ஜல்லியில் புகுந்துகொள்ள வளை கிடையாது. மூலையில் குவியலை வைத்துக்கொண்டு வாசலுக்கு சிமென்ட் போட்டால் பாம்பு சிமென்ட் மேல் நடந்து வரும், அவ்வளவுதான்.

*"புல் முளைக்கும்."* முளைக்கும். துணி போட்டாலும் மேலே படிகிற தூசியில் விதை விழுந்து முளைக்கத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பிடுங்க வேண்டும். சிமென்ட் தரையில் மட்டும் பாசி பிடிக்காதா? மழைக்காலத்தில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதாது.

*"பாட்டிக்கு நடக்கக் கஷ்டம்."* உண்மை. கைத்தடிக்கும் வாக்கருக்கும் சக்கர நாற்காலிக்கும் தளர்ந்த ஜல்லி ஒத்துவராது. அந்த வீட்டில் கேட்டிலிருந்து படி வரைக்கும் மூன்றடி அகலத்தில் சமமான கல் பாதை கட்டாயம் வேண்டும். இதில் பேரமே கிடையாது. ஆனால் அது மூன்றடி, இருபதடி இல்லை.

*"சைடு ஸ்டாண்ட் புதையும்."* ஒரு ஓரமாக நான்கு கடப்பா கல் பதித்தால் முடிந்தது.

*"மலைச் சரிவில் வீடு."* இங்கே ஜல்லிக் கட்சி தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும். பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறுகிற சரிவில் வெறும் ஜல்லி ஒவ்வொரு மழைக்கும் கீழே இறங்கிவரும். தேன்கூடு தட்டோ, படிப்படியான குறுக்குக் கல்லோ இல்லாமல் நிற்காது. ஏற்காட்டுக்காரர்களும் குன்னூர்க்காரர்களும் மன்னிக்க.

கணக்குப் புத்தகம்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: வாங்குகிற விலை வேறு, வைத்திருக்கிற விலை வேறு. வாசலுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். ரூபாய் ஊருக்கு ஊர், குவாரிக்குக் குவாரி மாறும். ஆகவே அளவைப் போடுவதே நேர்மை.

400 சதுர அடிக்கு நாலு அங்குலக் காங்கிரீட் என்றால் 133 கன அடி. ஒன்று, ஒன்றரை, மூன்று கலவையில் ஏறக்குறைய 30 மூட்டை சிமென்ட், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் ஜல்லி, அதில் பாதி எம்-சாண்ட். அதே இடத்துக்கு முழு ஜல்லித் தரை என்றால் இறுகுவதற்கும் சேர்த்து மூன்றேகால் யூனிட் கல். பார்த்தீர்களா, கல் ஜல்லித் தரைக்குத்தான் அதிகம்! குவாரியில் மலையைத் தின்கிறார்கள் என்று வருத்தப்படுகிற யாரும் இதைக் கவனிக்காமல் போகக்கூடாது.

இதற்கு இரண்டு பதில். ஒன்று, கீழ் அடுக்குக்குப் புதுக் கல்தான் வேண்டும் என்பதில்லை. பழைய வீடு இடித்த காங்கிரீட் துண்டும் நன்றாக வெந்த செங்கல் உடைசலும் அங்கே தாராளமாகப் போகலாம். ஏரிக்கரையில் ராத்திரி கொட்டப்படுகிற இடிபாட்டுக்கு அதைவிட மரியாதையான இடம் கிடைக்காது. இரண்டு, இருபது வருஷம் கழித்து வீட்டை மாற்றிக் கட்டினாலும் ஜல்லி ஜல்லியாகவே இருக்கும். அள்ளி வேறு இடத்தில் போடலாம். கணக்குப் பாஷையில் சொன்னால் கழிவு மதிப்பு உண்டு. காங்கிரீட்டுக்கு? உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, கொட்ட இடமில்லை. மதிப்பு மைனஸில்!

பழுது பார்ப்பதும் அப்படித்தான். ஜல்லியில் பள்ளம் விழுந்தால் ஒரு கூடை கல், ஒரு மண்வெட்டி, ஒரு திமிசு, பத்து நிமிஷம். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கம் கரிசலில் காங்கிரீட் போட்டவர்களைக் கேளுங்கள். கோடையில் மண் சுருங்கும், மழையில் வீங்கும், தரை நடுவில் பிளக்கும். பிளந்த காங்கிரீட்டில் போடுகிற பூச்சு ஒட்டுப் போட்ட வேட்டிதான். குடிநீர்க் குழாய் உடைந்தால் தரையையே உடைக்க வேண்டும். ஜல்லியை ஒதுக்கிவிட்டு வேலை முடிந்ததும் தள்ளிவிடலாம்.

ஆனால் மிகப்பெரிய செலவு எந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரரின் புத்தகத்தில் இருக்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் தெரு உயர்ந்தது. 2021-ல் சுரண்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று தமிழக அரசே அறிவுறுத்த வேண்டிவந்தது. தெரு உயர, உயர, வசதியுள்ளவர் தன் வாசலை ஓரடி மண் கொட்டி உயர்த்தி மேலே காங்கிரீட் போட்டார். அவர் வாசலில் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? எதிரில் முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஓட்டு வீட்டுக்கு. அங்கே இருக்கிறவர் ரிட்டயர்ட் ஆன மனுஷர், உயர்த்த காசு இல்லை. மழை வந்தால் கட்டில் மேல் பீரோத் துணிகளை ஏற்றிவிட்டு ராத்திரி முழுக்க வாளியால் இறைக்கிறார். இவர் காங்கிரீட்டுக்கான செலவில் ஒரு பங்கை அவர் கட்டுகிறார், ஒவ்வொரு கார்த்திகையும், ரசீது இல்லாமல். பொருளாதாரப் பாடத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று மரியாதையான பெயர். தெருவில் இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

ஆகவே யார் வீட்டு வாசல், யார் காசு, உனக்கென்ன என்று கேட்க முடியாது. சுவர் அவருடையது, மண் அவருடையது, தண்ணீர் மட்டும் எல்லாருடையதும். பட்டா போட்டுக் கொடுத்தவர்கள் மழையையும் சேர்த்துப் பட்டா போடவில்லை.

மேஸ்திரி அடுத்த முறை "ஒரு லோடு அடிச்சு விட்டுருங்க" என்றால் அவரிடம் நான்கே கேள்வி கேளுங்கள். எவ்வளவு தோண்டுவீங்க? எத்தனை அடுக்கா இறுக்குவீங்க? ஓரத்துக்கு என்ன கல்? வாட்டம் எந்தப் பக்கம்? நான்குக்கும் பதில் வந்தால் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், மேல சிமென்ட் போட்டுக்கலாம்" என்று பதில் வந்தால், இருபது வருஷம் கழித்து அந்த வீட்டுக் குழந்தை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து என்ன கேட்கும் என்று மட்டும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பி.கு.: "பேவர் பிளாக் போட்டிருக்கிறோம், அதில் தண்ணீர் இறங்கும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள், பிளாக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. மணல் படுக்கையில் உட்கார்ந்திருந்தால் இடுக்கு வழியாகக் கொஞ்சமாவது இறங்கும். அடியில் காங்கிரீட் போட்டு, இடுக்கிலும் சிமென்ட் பூசியிருந்தால் அது டிசைன் போட்ட காங்கிரீட், வேறொன்றுமில்லை.